வெடித்த தோட்டாக் கூடு: பெட்டியிலும் தெருவிலும்

புதிதாக வாங்கிய வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியின் பெட்டியைத் திறந்தால், துப்பாக்கி, துடைக்கும் குச்சி, கையேடு ஆகியவற்றோடு சின்னதாக ஒரு காகித உறையும் இருப்பதுண்டு. உறையின் மேல் துப்பாக்கியின் எண், ரகம், சுட்ட தேதி, சுட்டவரின் கையெழுத்து. உள்ளே ஒன்றோ இரண்டோ பித்தளைக் கூடுகள். வாய் திறந்து, உட்புறம் கறுத்து, அடிப்பக்கம் நடுவில் குழி விழுந்திருக்கும். ஏற்கெனவே வெடித்த தோட்டாக்களின் மிச்சம் அவை. ஆஸ்திரியாவின் க்ளாக் தொடங்கி அமெரிக்கக் கம்பெனிகள் வரை பலரும் இப்படி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வாங்கியவருக்கே சந்தேகம் வரும்: யாரோ பயன்படுத்தியதை நம் தலையில் கட்டிவிட்டார்களா?

அப்படி இல்லை. தொழிற்சாலையை விட்டு வெளியே போகுமுன் அந்தத் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, அதன் அடையாளமாக எடுத்து வைத்த கூடு அது.

டெல்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கான இந்த நூலில் இதற்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கக் காரணம் உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா சாக்கடையை ஒட்டி இருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியின் பெண்கள் பல பத்தாண்டுகளாக அக்கம்பக்கத்துக் காலனி வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்து வந்தார்கள். ஆண்களில் சிலர் வாசல் காவல் பார்த்தார்கள். 2025 ஜூன் 1 அன்று கேம்ப் இடிக்கப்பட்டது. 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை என்றார்கள் அதிகாரிகள். அந்தக் குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கியது நகரத்தின் வடகோடியில் இருக்கும் நரேலாவில். மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் வாடகைக்கு இடம் தேடிப் போனார்கள். எந்தத் தெரு, யார் அக்கம்பக்கம், எந்தக் காவல் நிலையம் என்பதே தெரியாத புது இடங்களில் பலர் இன்று இருக்கிறார்கள். அலமாரியில் ஒரு துப்பாக்கிப் பெட்டியைப் பார்த்தாலோ, வாசலில் ஒரு பித்தளைக் கூடு கிடந்தாலோ, பையனைப் போலீஸ் பிடித்து அவனிடம் "கோக்கா" கிடைத்தது என்று எழுதினாலோ என்ன செய்வது என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெடித்த தோட்டாக் கூட்டை டெல்லிப் போலீஸ் தாள்களில் கோக்கா என்றுதான் எழுதுவார்கள்.

கூட்டில் என்ன இருக்கிறது

தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்தது. முனையில் குண்டு. அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. கூட்டுக்குள் மருந்து. கூட்டின் அடியில், தட்டினால் தீப்பிடிக்கும் சிறு மூடி. விசையை இழுத்ததும் துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி அந்த மூடியைக் குத்துகிறது. மருந்து எரிகிறது, குண்டு குழல் வழியே முன்னே பாய்கிறது. அதே அழுத்தம் கூட்டைப் பின்னுக்குத் தள்ளி, துப்பாக்கியின் பின்சுவரில் அழுத்துகிறது. பின்சுவர் எஃகு, கூடும் மூடியும் அதைவிட மென்மையான உலோகம். ஆகவே எஃகில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் மூடியின் மேல் அப்படியே பதிகிறது. இது நடப்பது கண்ணிமைக்கும் நேரத்தை விடக் குறைவான நேரத்தில்.

அந்தக் கீறல்கள் எங்கிருந்து வந்தன? தொழிற்சாலையில் எஃகைச் சீவும் கருவியின் விளிம்பு ஒவ்வொரு துண்டைச் சீவும்போதும் கொஞ்சம் தேய்கிறது. அதனால் அடுத்தடுத்து ஒரே கருவியில் செய்த இரண்டு துப்பாக்கிகளுக்கும் பின்சுவர் நுணுக்கமாக வேறுபடும். பிறகு துடைப்பது, துருவேறுவது, ஆயிரம் முறை சுடுவது எல்லாம் தம் பங்குக்கு வடுவை ஏற்றுகின்றன. ஊசி விழுந்த குழியின் வடிவம், பின்சுவரின் பதிவு, கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியின் பல், வெளியே தட்டிவிடும் முனையின் தழும்பு ஆகியவை ஒரு சின்னக் கூட்டின் மேல் சேர்ந்துவிடுகின்றன. தானியங்கிக் கைத்துப்பாக்கி கூட்டை வெளியே வீசிவிடும். சுட்டவர் இருட்டில் அதைத் தேடிப் பொறுக்க முடியாமல் ஓடிவிடுவார். ரிவால்வர் அப்படி வீசாது. கூடுகள் சுழலும் உருளைக்குள்ளேயே இருக்கும், சுட்டவர் தானே கொட்டினால்தான் வெளிவரும். சுட்ட இடத்தில் கூடே கிடைக்கவில்லை என்று வழக்குத் தாளில் இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஆயுதம் ரிவால்வரா என்பது.

ஆய்வகத்தில் ஒப்பீட்டு நுண்ணோக்கியின் கீழ் இரண்டு கூடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். ஒன்று சம்பவ இடத்தில் எடுத்தது, மற்றது சந்தேகத் துப்பாக்கியில் ஆய்வகமே சுட்டு எடுத்தது. இந்தக் கருவியைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் வழக்கம் 1925-இல் அமெரிக்காவில் பிலிப் கிராவல், கால்வின் கொடார்ட் ஆகியோரால் தொடங்கியது. நம் உச்ச நீதிமன்றம் காலுவா என்பவரின் வழக்கில் இதை ஏற்றது. 1958 ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் திரட்டில் அது இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில், கொல்லப்பட்டவரின் கட்டிலருகே ஒரு கூடு கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் காட்டிய இடத்திலிருந்து நாட்டுக் கைத்துப்பாக்கி எடுக்கப்பட்டது. அதில் சுட்டெடுத்த மாதிரிக் கூடுகளின் குறிகளும் கட்டிலருகே கிடைத்த கூட்டின் குறிகளும் ஒத்துப்போயின. அந்த ஒற்றுமையை நம்பித் தண்டனை உறுதியானது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். கூட்டின் அடியில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அது தோட்டா செய்த கம்பெனியின் முத்திரை, துப்பாக்கியின் அடையாளம் கிடையாது. டெல்லி வழக்குத் தாள்களில் அடிக்கடி வருவது "8 எம்.எம். கே.எஃப்." என்ற பொறிப்பு. கே.எஃப். என்றால் புனே அருகே கட்கி தோட்டாத் தொழிற்சாலை. இங்கே "கட்டா" என்று சொல்லும் நாட்டுத் துப்பாக்கிகளில் பல அந்த 8 எம்.எம்., அதாவது .315 தோட்டாவுக்காகவே செய்யப்பட்டவை. ஒரே பொறிப்புள்ள தோட்டாக்கள் ஏராளமாக ஊரெல்லாம் இருக்கும். ஆகவே பையன் பையில் இருந்த கூட்டிலும் கொலை நடந்த இடத்துக் கூட்டிலும் ஒரே எழுத்து இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதனால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது.

உறை ஏன் வந்தது

எந்தத் தொழிற்சாலையும் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துத்தான் விற்கும். வழக்கமான அழுத்தத்தை விட அதிக அழுத்தமுள்ள சோதனைத் தோட்டாவைச் சுட்டு, குழல் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். சுட்டபின் கூடுகள் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அங்கே விற்கும் ஒவ்வொரு புதுக் கைத்துப்பாக்கியோடும் சுட்ட கூடு ஒன்று முத்திரையிட்ட உறையில் வர வேண்டும், கடைக்காரர் அதை மாநிலப் போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்றது. நியூயார்க் மாநிலமும் 2001-இல் அதே வழியில் போனது. எந்தத் துப்பாக்கி எந்த மாநிலத்துக் கடைக்குப் போகும் என்று தொழிற்சாலைக்குத் தெரியாது. எனவே பலர் எல்லாப் பெட்டிகளிலும் உறையைப் போட்டுவிட்டார்கள். பிற நாடுகளுக்குப் போன பெட்டிகளிலும் அது தங்கிவிட்டது.

அந்தத் திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. மேரிலாந்து 15 ஆண்டுகளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கூடுகளைச் சேர்த்தது, சுமார் 50 லட்சம் டாலர் செலவிட்டது, அதனால் ஒரு வழக்கும் துலங்கவில்லை. நியூயார்க் 2012-லும் மேரிலாந்து 2015-லும் கைவிட்டன. அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு 2008-லேயே, எல்லாப் புதுத் துப்பாக்கிகளின் கூடுகளையும் படமெடுத்து நாடு முழுவதற்கும் பதிவகம் வைப்பது சரிப்படாது என்று சொல்லியிருந்தது. லட்சக்கணக்கான கூடுகளின் படங்களிலிருந்து கணினி ஒன்றைப் பொறுக்க வேண்டும். தொழிற்சாலை சுட்ட தோட்டா ஒரு கம்பெனியுடையது, குற்றவாளி சுட்டது வேறு கம்பெனியுடையது. குறி பதியும் ஆழமே மாறிவிடும். தவிர, குற்றத்துக்குப் போகும் துப்பாக்கி பெரும்பாலும் பல கை மாறியது.

இதைக் காட்டி, உறையே வீண் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரென்றே தெரியாத ஆளைக் கூட்டிலிருந்து தேடுவதற்கு அது உதவவில்லை என்பது உண்மை. ஆனால் ஆள் தெரியும், அவர் உரிமத்தில் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்பதும் தெரியும், அந்தத் துப்பாக்கி மட்டும் காணாமல் போய்விட்டது என்ற நிலையில் அந்தச் சின்ன உறை எவ்வளவு பெரிய வேலை செய்திருக்கும்! அப்படியொரு வழக்கு இதே டெல்லியில் நடந்தது.

மெஹ்ரவுலி, 1999

1999 ஏப்ரல் 29 இரவு, மெஹ்ரவுலியில் குதுப் கொலோனேடில் இருந்த டாமரிண்ட் கோர்ட் உணவகத்தில், மது கொடுக்க மறுத்ததற்காக மாடல் ஜெசிகா லால் சுடப்பட்டார். ஒரு குண்டு கூரைக்குப் போனது, அடுத்தது அவர் தலையில் பாய்ந்தது. அங்கே .22 வகைக் காலிக் கூடுகள் இரண்டு எடுக்கப்பட்டன. சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட மனு சர்மாவிடம் உரிமத்தோடு .22 பெரெட்டா கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. நொய்டாவில் கைவிடப்பட்டுக் கிடந்த டாடா சஃபாரி காரில் வெடிக்காத .22 தோட்டா ஒன்றும் கிடைத்தது. அதில் இருந்த "சி" என்ற பொறிப்பே உணவகத்துக் கூடுகளிலும் இருந்தது. கைத்துப்பாக்கி மட்டும் கிடைக்கவே இல்லை.

துப்பாக்கி இல்லாததால் ஆய்வகம் மாதிரி சுட்டு ஒப்பிட முடியவில்லை. அந்தத் துப்பாக்கியிலிருந்து முன்பே சுட்டு எடுத்து வைத்த கூடு எதுவும் நீதிமன்றத்தின் முன் இல்லை. மிஞ்சியது இரண்டு கூடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான். அந்த இரண்டும் வெவ்வேறு ஆயுதங்களிலிருந்து சுடப்பட்டவை போலத் தோன்றுகின்றன என்று ஜெய்ப்பூர் ஆய்வக நிபுணர் கருத்துச் சொன்னார். சுட்டவர்கள் இருவர் என்று முக்கிய சாட்சி ஒருவரும் மாற்றிப் பேசினார். 2006 பிப்ரவரி 21 அன்று விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரையும் விடுவித்தது. நாடே கொதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பி மனு சர்மாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தன் உரிமத்தில் இருந்த துப்பாக்கியைக் காட்டாததை அவருக்கு எதிராகவே எடுத்துக்கொண்டது. 2010 ஏப்ரல் 19 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஒரு கூடு, துப்பாக்கியின் எண் எழுதிய உறையில், எங்காவது பத்திரமாக இருந்திருந்தால், இரண்டு ஆயுதமா ஒன்றா என்ற வாதம் ஆய்வக மேசையிலேயே முடிந்திருக்க வாய்ப்புண்டு. மகளை இழந்த குடும்பம் அவ்வளவு ஆண்டு நீதிமன்றப் படி ஏறியிருக்க வேண்டியதில்லை. நம் சட்டம் துப்பாக்கியை அதன் உடலில் வெட்டிய எண்ணைக் கொண்டும், உரிமதாரரின் அடையாள எண்ணைக் கொண்டும் பின்தொடர்கிறது. துப்பாக்கி கையில் இருந்தால்தான் வெட்டிய எண்ணைப் படிக்க முடியும்.

வீட்டு வேலை, காவல் வேலை செய்பவர்களுக்கு

துப்பாக்கிப் பெட்டியை நீங்கள் திறக்கக் கூடாது, துடைக்கவும் கூடாது. முதலாளியம்மா சொன்னாலும், "அதை நீங்களே எடுத்து வையுங்கம்மா, நான் தொடமாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். உறை தனியாகக் கீழே விழுந்து கிடந்தால் குப்பையில் போடாமல் அவர்களிடம் சொல்லுங்கள். உறையோடு இருந்தால்தான் கூட்டுக்கு மதிப்பு. எண்ணும் தேதியும் எழுதிய தாளைப் பிரித்துவிட்டால், எந்தத் துப்பாக்கியில் சுட்டது என்று எவராலும் சத்தியம் செய்ய முடியாது. துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: பெட்டியில் வந்த உறையைப் பிரிக்காமல், உரிமத் தாள்களோடு வையுங்கள். துப்பாக்கி திருட்டுப் போனால் புகார் கொடுக்கும்போது உறையையும் காட்டுங்கள்.

வாசல் காவலில் இருப்பவர்கள், "இதைக் கொஞ்ச நேரம் பிடி" என்று முதலாளி துப்பாக்கியைக் கொடுத்தால் வாங்கக் கூடாது. உரிமத்தில் ரிடெய்னராக, அதாவது உரிமதாரருக்காகத் துப்பாக்கியை வைத்திருக்க அனுமதி பெற்றவராக, உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயுதச் சட்டம் 25-ஆம் பிரிவு உங்கள் மேலும் பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை.

தெருவில் கிடந்தால்

வட இந்தியக் கல்யாண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுடும் கெட்ட பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதே 2019 திருத்தம் இதற்கு 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. மறுநாள் காலை பிள்ளைகள் பளபளவென்று கிடக்கும் கூடுகளைப் பொறுக்கி விளையாடுவார்கள். பழைய இரும்பு, பித்தளை வாங்கும் கபாடிக் கடைக்கும் அவை வந்து சேரும். பொறுக்க விடாதீர்கள். அடியில் குழி விழுந்திருப்பதாலேயே அது வெடித்து முடிந்த தோட்டா என்று முடிவு கட்டவும் கூடாது. ஊசி குத்தியும் வெடிக்காத தோட்டா உண்டு. முனையில் குண்டு இருக்கிறதென்றால் அது உயிருள்ள தோட்டா. அடுப்பருகே வைத்தால் வெடித்து ஆளைக் காயப்படுத்தும்.

கூடு கிடந்த இடத்தில் சண்டையோ சுடும் சத்தமோ கேட்டிருந்தால் 112-ஐ அழையுங்கள். போலீஸ் வரும்வரை பிள்ளைகளையும் வண்டிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். சினிமாவில் காட்டுவது போலக் கூட்டின் வாய்க்குள் பேனாவை விட்டுத் தூக்காதீர்கள். உட்சுவரிலும் விளிம்பிலும் புதுக் கீறல் விழும். கூடு சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதும் சாட்சியம்தான். அதனால் தொடாமல், நின்ற இடத்திலிருந்தே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

காலிக் கூட்டைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். மெட்ரோ நிலையத்திலும் விமான நிலையத்திலும் பைகளைச் சோதிப்பவர்கள் கண்ணில் அது பட்டால் அன்றைய நாளே போய்விடும். வெற்றுக் கூடு ஆயுதச் சட்டத்தின் தோட்டா ஆகாது, 45-ஆம் பிரிவு சிறு உதிரிப் பாகங்களை விலக்குகிறது என்று வக்கீல் வாதாடலாம். தெரியாமல் பையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காகப் போட்ட வழக்குகளை, உணர்ந்து வைத்திருந்ததற்கு ஆதாரமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் பலமுறை ரத்து செய்திருக்கிறது. ஆனால் அந்த உத்தரவு கைக்கு வரும்வரை வேலைக்கு லீவு, வக்கீலுக்குப் பணம், வீட்டுக்கு அழுகை.

போலீஸ் எழுதும்போது

கூட்டைப் பறிமுதல் செய்யும்போது போலீஸ் ஒரு தாள் எழுதும். அதை "ஃபர்த்" என்பார்கள். பெரும்பாலும் இந்தியில் இருக்கும். கூட்டைத் தாளின் மேல் வைத்து வரைபடம் போட்டு, நீளம் எழுதி, வெள்ளைத் துணியில் பொட்டலமாகக் கட்டி அரக்கு முத்திரை வைப்பார்கள். அந்தப் பொட்டலம் "புலந்தா". நீங்கள் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள். எத்தனை கூடு, அடியில் என்ன பொறிப்பு, எந்த இடம், மணி எத்தனை ஆகிய நான்கும் எழுதியிருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகு போடுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, பறிமுதலை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் தடயவியல் நிபுணர் இடத்துக்கு வர வேண்டும் என்கிறது 176(3).

பிறகு புலந்தா காவல் நிலையத்தின் மால்கானாவுக்கு, அதாவது பறிமுதல் பொருள்களை வைக்கும் அறைக்கு, போகும். அங்கே 19-ஆம் எண் பதிவேட்டில் ஏறும். அங்கிருந்து ரோடு சர்டிஃபிகேட் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். டெல்லி அரசின் ஆய்வகம் ரோகிணியில் இருக்கிறது, சி.பி.ஐ.யின் கீழ் உள்ள மத்திய ஆய்வகம் லோதி ரோடு சி.ஜி.ஓ. வளாகத்தில். இந்த வழியில் ஒரு நாள் கணக்கு விடுபட்டால், ஒரு முத்திரையின் எழுத்து மாறினால், ஆய்வக அறிக்கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தளர்ந்துவிடும். அறிக்கை வந்தபிறகும் அது நிபுணரின் கருத்துதான். அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியும். எத்தனை குறிகள் ஒத்தன, நுண்ணோக்கிப் படங்கள் எங்கே என்று உங்கள் வக்கீல் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பையன் இப்படியொரு வழக்கில் மாட்டினால், முதல் நாளே முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். கூடு எடுக்கப்பட்ட தேதி, 19-ஆம் எண் பதிவேட்டில் ஏறிய தேதி, ஆய்வகத்துக்குப் போன தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி வக்கீல் கையில் கொடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். அது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண். பெண்கள், பட்டியல் சாதியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அழைக்கும்போது காவல் நிலையத்தின் பெயரையும் முதல் தகவல் அறிக்கை எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.